திருகோணமலை இந்துக் கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் பதில்களும்

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி பள்ளிக்கூடம் பற்றியவை. இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வருகிற உத்தியோகத்தர்கள், கனடாவிலிருந்து ஊருக்குத் திரும்பலாமா என்று யோசிக்கிற சொந்தக்காரர், மகனை எங்கே சேர்ப்பது என்று குழம்பி நிற்கிற தாய்மார். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நடுவில் நிற்பது இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. ஆனால் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மற்றவையும் கூடவே வந்து நிற்கும். கல்லூரியின் சார்பில் நான் பேசவில்லை. மாவட்டத்தில் பல இடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கல்லூரி எப்போது தொடங்கியது? யார் தொடங்கினார்கள்?

1897இல். தொடங்கியவர்கள் ஊர்ச் சைவப் பெரியவர்கள். அதற்கு முன்பு இங்கே ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் மிசன் பள்ளிக்கூடம்தான் வழி. கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரி 1867ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. மெதடிஸ்த மிசனரிமார் 1814இலேயே இலங்கைக்கு வந்துவிட்டவர்கள். இந்த ஊரிலும் அவர்களுக்குப் பள்ளிகள் இருந்தன.

ஆங்கிலம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குத் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட், அதாவது கப்பல் திருத்துகிற தளம், இங்கே இருந்தது. அங்கே எழுதுவினைஞர் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். பிள்ளைக்கு உத்தியோகமும் வேண்டும், திருநீறும் நெற்றியில் இருக்க வேண்டும் என்று நினைத்த பெற்றோருக்கு ஒரு பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கி வழி காட்டியிருந்தார். அந்தக் காற்று இங்கே வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது என்று சொல்லலாம்.

பெயருக்கு முன்னால் இருக்கிற "இ.கி.ச." என்ன?

இராமகிருஷ்ண சங்கம், அதாவது இராமகிருஷ்ண மிசன். 1925இல் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தை மிசனிடம் ஒப்படைத்தார்கள். அரசாங்கம் பின்னாளில் பொறுப்பேற்ற பிறகும் அந்த மூன்று எழுத்து பெயர்ப்பலகையில் இருந்து போகவில்லை. பழைய மாணவர்கள் வாயில் ஒரே சொல்தான்: "ஹிண்டு கொலேஜ்".

"கோணேஸ்வரா" என்பது இந்த ஊர்க் கடலோரப் பாறையான சுவாமி மலையில் இருக்கிற சிவன், கோணேசர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கீசர் இடித்துக் கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்துதான் கோயிலுக்குப் போகிறோம். கோட்டைக்குள் கோயில், கோயிலின் பெயரில் கல்லூரி. ஊரின் வரலாற்றை ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான பெயர் கிடைக்காது.

விபுலாநந்த அடிகள் உண்மையிலேயே இங்கே இருந்தாரா, அல்லது எல்லாப் பள்ளிக்கூடமும் உரிமை கொண்டாடுவது போலவா?

உண்மையிலேயே இருந்தார். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்துவிட்டுத் துறவு வாங்கச் சென்னைக்குப் போனார். 1924இல் விபுலாநந்தர் ஆகி, 1925இல் இலங்கைக்குத் திரும்பியதும் மிசன் பள்ளிக்கூடங்களின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. திருகோணமலை இந்துக் கல்லூரி மிசனிடம் வந்ததும் அதே ஆண்டுதான். பிறகு மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று போனது அவர் வாழ்க்கை. 1947இல் "யாழ் நூல்" அரங்கேறியது. அடுத்த மாதமே காலமானார்.

அவரைத் தமிழறிஞர் என்று மட்டும் சொல்லி விழா வைப்பது எனக்குக் கொஞ்சம் குறை. மனிதர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் போட்டுத்தான் அந்த நூலை எழுதினார். உயர்தரத்தில், அதாவது கடைசி இரண்டு வகுப்புகளில், பௌதிகவியல் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒலி பற்றிய அலகு வரும்போது இதைச் சொல்லுவேன். முன்வரிசை எழுதிக்கொள்ளும். பின்வரிசை நிமிர்ந்து பார்க்கும்.

பெண் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

இந்துக் கல்லூரி ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பெண்களுக்கு ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் தொடங்கியது. பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கே வீட்டில் வாக்குவாதம் நடந்த காலத்தில், ஒரு பெண் தன் சொத்தை அதற்குக் கொடுத்தார். புனித மரியாள் கல்லூரியும் மெதடிஸ்த மகளிர் கல்லூரியும் நகரில் இருக்கின்றன. உவர்மலையில் விவேகானந்தாக் கல்லூரி. முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சாஹிராக் கல்லூரி. இவற்றில் பலவும் நடந்து போகிற தூரம்தான். நகரமே ஒரு நிலக்கழுத்து, எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் கால் மணித்தியாலத்துக்குள் கடல் வந்துவிடும்.

அரசாங்கம் எப்போது எடுத்தது?

1960இல் இயற்றப்பட்ட 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அந்த ஆண்டு டிசம்பர் முதல் உதவி நன்கொடை பெற்ற பள்ளிக்கூடங்களை அரசு எடுக்கத் தொடங்கியது. 1961இல் இன்னொரு சட்டம் வந்து மிச்சத்தையும் முடித்தது. இலவசக் கல்வி அதற்கு முந்தியது: சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பொறுப்பேற்பு நல்லதா கெட்டதா என்று இன்னும் திண்ணையில் சண்டை பிடிப்பார்கள். என் கருத்தைக் கேட்டால், நல்லது. வசதியில்லாத பிள்ளையும் உள்ளே வந்தது அதனால்தான். ஆனால் ஒன்று குறைந்தது. முன்பு கூரை ஒழுகினால் ஊர்க்காரர் வந்து ஓடு மாற்றுவார்கள்; பிறகு "அரசாங்கம் பார்க்கும்" என்று கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தோம்.

தேசிய பாடசாலை என்றால் வேறு மாதிரியா?

படிப்பிக்கிற பாடத்திட்டம் ஒன்றுதான். நிருவாகம்தான் வேறு. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்தபோது பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாணத்துக்குப் போயின. தேசிய பாடசாலைகள் கொழும்பில் இருக்கிற கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் நின்றன. இந்துக் கல்லூரியும் சண்முகாவும் தேசிய பாடசாலைகள். "1ஏபி" என்று கேள்விப்பட்டால் பயப்பட வேண்டாம்: உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள பள்ளிக்கூடம் என்று பொருள். "1சீ" என்றால் கலையும் வர்த்தகமும் இருக்கும், விஞ்ஞானம் இராது. மகள் டொக்டராக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஓர் எழுத்தைப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

ஆறாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. கல்லூரிக்கு அந்த ஆண்டுக்குரிய வெட்டுப்புள்ளியை அமைச்சு அறிவிக்கும். முதலாம் தரத்துக்கு வேறு முறை: வீடு எவ்வளவு கிட்ட என்பதற்குத்தான் பெரும்பங்கு. அடுத்ததாகப் பழைய மாணவரின் பிள்ளைகளும் ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளையின் சகோதரங்களும். சுற்றறிக்கை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், ஆகவே அந்த ஆண்டின் சுற்றறிக்கையைக் கையில் எடுங்கள்.

பத்திரங்கள் பற்றி ஒரு வார்த்தை. கிராம உத்தியோகத்தரின் வதிவிட அத்தாட்சி, தேர்தல் இடாப்புப் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தண்ணீர் அல்லது கரண்ட் பில். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். என் மருமகன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு (பெயர் வேண்டாம்) இதே கட்டோடு போனபோது முத்திரை ஒன்று மங்கலாக விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிராம உத்தியோகத்தரோ அன்று களப் பயணம். மூன்று நாள் அலைச்சல்.

சாதாரண தரத்தில் என்னென்ன பாடம்?

பதினோராம் தர முடிவில் எழுதுகிற பொதுப் பரீட்சை இது. ஒன்பது பாடம். ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மற்ற மூன்றும் மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்று. முதல் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழியாகச் சிங்களம் முதலியவை. இரண்டாவது அழகியல்: கர்நாடக சங்கீதம், பரதம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம். மூன்றாவது தொழினுட்பத் தொகுதி: தகவல் தொடர்பாடல், விவசாயம், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல் என்று நீளும். எல்லாப் பாடமும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இராது. ஆசிரியர் இருந்தால்தான் பாடம்.

சிங்களத்தை இலகுவான பாடம் என்று நினைத்து எடுக்காதீர்கள். ஆனால் எடுங்கள். இது மூன்று இனமும் கலந்து வாழ்கிற மாவட்டம். கச்சேரியிலும் (மாவட்ட அரசாங்க அலுவலகம்) ஆஸ்பத்திரியிலும் பேச வேண்டி வரும்.

கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடலைப் பற்றி ஏதாவது படிப்பிக்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது இதைத்தான்.

மூன்றாவது தொகுதியில் நீருயிரின வளத் தொழினுட்பவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. மீன் வளர்ப்பு, வலை வகைகள், கடல் வாழிடங்கள், பிடித்த மீனைப் பழுதாகாமல் வைப்பது, அலங்கார மீன் எல்லாம் வரும். நான் வேலை செய்த இடங்களில் அதை எடுக்க ஆள் சேரவில்லை. மீன்பிடிக்கிற வீட்டுத் தகப்பனே வந்து, "சேர், என்னோட போகட்டும் அந்தத் தொழில், மகனுக்குக் கொம்பியூட்டரைக் குடுங்க" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொழிலில் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும். ஆனால் தொழிலையும் படிப்பையும் ஒன்றாக நினைத்துக் கைவிட்டுவிட்டோம்.

நாம் எங்கே இருக்கிறோம் என்று யோசியுங்கள். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. வாசலுக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நீலத் திமிங்கிலம் கரையிலிருந்து அதிகத் தூரம் போகாமலே தெரிவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தள்ளிப் புறாத்தீவு. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பவளப்பாறையைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளை அதைப் புத்தகத்துப் படத்தில் பார்க்கிறது.

மகாவலியை எடுங்கள். 335 கிலோமீற்றர், இலங்கையின் நீளமான நதி. அது கடலில் விழுவது கொட்டியாரக் குடாவில், நம் எதிர்க்கரை. புவியியல் பாடத்தில் வரைபடத்தில் நீலக்கோடு போட்ட பிள்ளைகளை ஒருமுறை பெப்ரவரியில் குடாவின் மூதூர்ப் பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு சோடாப் போத்தல். குடாவில் ஒரு போத்தல் தண்ணீர், திரும்பி வந்து நகரின் வெளிக்கடல் பக்கத்தில் ஒரு போத்தல். ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் அளந்து, பீங்கான் கிண்ணத்தில் வற்றவைத்து, மிஞ்சிய உப்பைத் தராசில் வைத்தோம். திறந்த கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் இருக்க வேண்டும், அதாவது கிண்ணத்தில் மூன்றரை கிராம். வெளிக்கடல் போத்தல் அதற்குக் கிட்ட வந்தது. குடாப் போத்தலில் தெளிவாகக் குறைவு.

"தராசு பிழை" என்றான் முன்வரிசைக்காரன் ஒருவன். பின்வாங்கில் இருந்த சம்மாட்டி வீட்டுப் பையன் (சம்மாட்டி என்றால் படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்), வருடம் முழுக்க வாய் திறக்காதவன், "இல்ல சேர், மாரிக்கு ஆத்துத் தண்ணி மேலால வரும், கீழ உப்புத்தான், அப்பா அந்த நேரம் வலைய இறக்கித்தான் கட்டுவார்" என்றான். நன்னீர் எடை குறைவு, உவர்நீர் கனம்: அடர்த்தி பாடத்தை நான் இரண்டு வாரமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் அதை வலை கட்டும்போதே தெரிந்துவைத்திருந்தான். கணிதத்தில் சித்தியடையவில்லை என்று பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான்.

இந்தப் படிப்பைத் தொடர இடமில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ருகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கு ஒரு பீடமே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி விஞ்ஞானத் துறை உண்டு. இலங்கைச் சமுத்திரப் பல்கலைக்கழகம் 2014இல் சட்டப்படி உருவானது. அங்கேயெல்லாம் போக உயிரியல் வேண்டும், கணிதம் வேண்டும். கடல் தெரிந்த பிள்ளை அவற்றில் விழுந்துவிடாமல் பார்ப்பதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. அதை நாங்கள் போதிய அளவு செய்யவில்லை. நான் உட்பட.

உயர்தரத்தில் என்ன பிரிவுகள்?

பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை. 2013இல் தொழினுட்பப் பிரிவு வந்தது. அதில் பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம், அப்புறம் மூன்றாவதாக ஒரு பாடம். விஞ்ஞானத்தில் நடுத்தரமாக இருக்கிற, ஆனால் கையால் வேலை செய்யப் பிடித்த பையன்களுக்கு இது நல்ல வழி. "கணிதப் பிரிவு கிடைக்காதவன் போற இடம்" என்று சொந்தக்காரர் முகம் சுளிப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டமும் உண்டு. சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் பிள்ளை பன்னிரண்டாம் தரத்தில் தொழிற்பிரிவுக்குப் போகலாம். தேசிய தொழிற் தகைமை நான்காம் மட்டத்துக்கு வழி இருக்கிறது. தெரிவுசெய்த பள்ளிக்கூடங்களில் மட்டும்தான். மேலே சொன்ன சம்மாட்டி வீட்டுப் பையன் காலத்தில் இது இருக்கவில்லை.

திருகோணமலையில் படித்தால் பல்கலைக்கழகம் போவது சுகம் என்கிறார்களே?

பாதி உண்மை. கலை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு (உயர்தரப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணக்கிடுகிற புள்ளி) சில பீடங்களுக்குப் போக முடியும். ஆனால் கடைசி நேரத்தில் இங்கே வந்து பரீட்சை எழுதினால் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வராதீர்கள். எந்த மாவட்டத்தில் படித்தீர்கள் என்பதற்கு ஆண்டுக் கணக்கும் பள்ளிக்கூடப் பதிவும் பார்ப்பார்கள்.

ஊரிலேயே படிக்க வேண்டுமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. சித்த மருத்துவமும் அங்கே உண்டு.

ஆங்கில மொழிமூலம் உண்டா?

2000களின் தொடக்கத்தில் சில பாடங்களை ஆறாம் தரம் முதல் ஆங்கிலத்தில் படிக்கிற இருமொழிக் கல்வி வந்தது. ஆசிரியர் இருக்கிறாரா என்று பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் வகுப்பும் போய்விடும்.

யுத்த காலத்தில் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது?

நடந்தது. சில நாள் பாதிப் பிள்ளைகளோடு, சில நாள் மணி அடிக்காமல். ஊருக்கு இது முதல் தடவையும் அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டபோதும் ஊர் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாலையில் கடற்கரையில் இருந்து கதைப்பது இந்த ஊர்ப் பையன்கள் எல்லாரும் செய்கிற காரியம். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதற்குப் பிறகு பல வீடுகளில் ஆறு மணிக்கு மேல் பையன்களைக் கடற்கரைக்கு விடவில்லை. நானும் விடவில்லை.

சுனாமியின்போது?

2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), அதோடு டிசம்பர் விடுமுறை. பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. அது ஒரு திங்கட்கிழமைக் காலையாக, தவணை நடக்கிற காலமாக இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க மனம் வராது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அடித்துப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு வகுப்பறைகள் முகாம்களாயின. சனம் கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது. இப்போது கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, ஒத்திகையும் நடக்கிறது. பிள்ளையிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கினால் பார்க்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு.

கிண்ணியா, மூதூரிலிருந்து தினமும் வந்து போகலாமா?

இப்போது முடியும். முன்பு கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். பாதை என்றால் தெரு அல்ல. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி மறுகரைக்கு விடுகிற மிதவைக்கு எங்கள் ஊர்ப் பெயர். பிந்தி வருகிற பிள்ளைக்கு "பாதை அந்தப் பக்கம் நிண்டது சேர்" என்று எப்போதும் ஒரு காரணம் இருந்தது. 2009இல் பாலம் திறந்தார்கள். காரணமும் போயிற்று.

விளையாட்டு, மற்ற நிகழ்ச்சிகள்?

முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிற அன்றே பிள்ளைகளுக்குப் படிப்பில் மனம் இராது. பெரிய போட்டிகள் மக்கெய்சர் விளையாட்டரங்கில். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஊரின் பைத்தியம். சாரணர், பாண்ட் வாத்தியம், தமிழ்த்தினப் போட்டி, நவராத்திரியில் வாணிவிழா. தமிழ்த்தினப் போட்டியில் வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை வரை போகிற பிள்ளைகள் உண்டு. பேச்சுப் போட்டிக்குப் பெற்றோர் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். நடுவர் மேசையில் இருந்தவன் சொல்கிறேன், முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

காசு கட்ட வேண்டுமா?

கல்வி இலவசம். பாடப்புத்தகம் 1980 முதல், சீருடைத் துணி 1993 முதல் அரசாங்கம் தருகிறது. சிறிய வசதிக் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தாவும் இருக்கும். உண்மையான செலவு ரியூசன். அதை எந்தச் சுற்றறிக்கையிலும் பார்க்க மாட்டீர்கள்.

ரியூசன் இல்லாமல் முடியாதா?

முடியும். பதினோராம் தரம் வரை கட்டாயம் முடியும். உயர்தரத்தில் ஒன்றிரண்டு பாடத்துக்குப் போகட்டும். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, பள்ளிக்கூடம் ஏழரை முதல் ஒன்றரை வரை, பின்னேரம் இரண்டு வகுப்பு என்று ஓடுகிற பிள்ளை என் பாடத்தில் நித்திரை கொள்ளும். நான் எழுப்ப மாட்டேன்.

வெயிலும் மழையும் எப்படி?

நவம்பரிலிருந்து வாடைக் காற்றும் மாரி மழையும். கொப்பிகள் ஈரலித்துப் போகும், சோக்கு எழுதாது. ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து வெள்ளைச் சேட்டில் கோடு போடும். அந்தக் கறை தேசிக்காய் தேய்த்தால் ஓரளவு போகும். மே முதல் கச்சான் காற்று, நல்ல வெக்கை. கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், கடலையும்தான். புதிதாக வந்த பிள்ளை ஒன்று "கச்சான் வீசுது" என்று கேட்டுவிட்டு யார் வீசுகிறார்கள் என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தது. தண்ணீர்ப் போத்தல் பெரிதாக வாங்கிக்கொடுங்கள்.

ஊருக்குள் மான் திரிகிறதாமே, பள்ளிக்கூடத்துக்குள்ளும் வருமா?

கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகர வீதிகளில் திரிவது உண்மை. பஸ் நிலையப் பக்கமும் நிற்கும். வாயிற்கதவு திறந்திருந்தால் உள்ளேயும் வரும். என் வகுப்பில் ஒரு பையனின் விஞ்ஞானக் கொப்பியின் அட்டையைத் தின்றுவிட்டது; முதலில் நான் நம்பவில்லை, பிறகு பல் பதிந்த மிச்சத்தைக் காட்டினான். கொப்பியைவிட அதற்குச் சாப்பாட்டுப் பார்சலில்தான் கண். பொலித்தீன் பையோடு விழுங்கினால் மான் செத்துப்போகும். ஆகவே இடைவேளைச் சாப்பாட்டை மூடி இறுகின பெட்டியில் கொடுத்துவிடுங்கள்.